பாடியவர் பெயரையும் சொல்லுங்கள்: கொழும்புத் தமிழ் வானொலிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அறிவிப்பாளர்களுக்கும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். காலை எட்டரைக்குக் கதவைத் திறந்ததும் முதலில் சாமி விளக்கு, அடுத்து வானொலி. இரவு ஏழு மணிக்குப் பூட்டும் வரை அது பாடிக்கொண்டே இருக்கும். எங்கள் தொழிலில் கையும் கண்ணும் துணியை விட்டு நகர முடியாது. காது ஒன்றுதான் சும்மா இருக்கும். அந்தக் காதை இருபது வருடத்துக்கு மேலாக உங்களிடம்தான் ஒப்படைத்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பாட்டைப் போடும்போது அதைப் பாடியவர் யார் என்று சொல்லுங்கள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், 2023 பெப்ரவரி 4ஆம் திகதி மனதில் பட்ட ஒரு காயம் இன்னும் ஆறவில்லை. அன்று சனிக்கிழமை. நாட்டின் 75ஆவது சுதந்திர தினம். காலி முகத்திடலில் அணிவகுப்பு, வீதிகள் மூடல், கடையும் மூடல். தை மாதக் கல்யாண ஓடர்கள் குவிந்து கிடந்ததால் வீட்டில் இருந்து பிளவுஸ்களுக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் செய்தி வந்தது. சென்னையில் பாடகி வாணி ஜெயராம் காலமானார். நுங்கம்பாக்கத்தில் அவருடைய வீட்டில், தனியே இருந்தபோது. வயது 77. பத்து நாளைக்கு முன்னர்தான் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவித்திருந்தார்கள். அதைக் கையில் வாங்கவும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

அன்று மாலை ஒரு வானொலியில் அஞ்சலி நிகழ்ச்சி போட்டார்கள். ஆசையோடு உட்கார்ந்து கேட்டேன். நாலாவது பாட்டு எஸ்.ஜானகி பாடியது. ஏழாவது பி.சுசீலா பாடியது. இரண்டையும் வாணியம்மாவின் பாட்டென்றே சொல்லிப் போட்டார்கள். தொலைபேசியில் அழைத்தேன். பல தடவை முயன்ற பிறகு ஒரு தம்பி எடுத்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். "நன்றி அக்கா, பார்க்கிறோம்" என்றார். நிகழ்ச்சி முடியும் வரை திருத்தம் வரவில்லை. எந்த அலைவரிசை என்பது இங்கே தேவையில்லை. அந்தத் தம்பியிடமும் எனக்குக் கோபமில்லை. அவருடைய காலத்தில் பாடியவர் பெயரை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதுதான் எனக்குக் கவலை.

வாணி ஜெயராமுக்கு இந்தப் பிழை நடக்கவே கூடாது என்று நான் நினைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. அவருடைய காதைப் பழக்கியதில் நம்முடைய கொழும்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் 1945 நவம்பர் 30இல் வேலூரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் கலைவாணி. கர்நாடக சங்கீதம் சின்ன வயதிலேயே முறையாகக் கற்றார். ஆனால் ஹிந்திப் பாட்டு? அது அவருக்குக் கடல் தாண்டிப் போனது. 1952இல் இந்திய அரசு வானொலியில் சினிமாப் பாட்டுகளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்கள். அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டென்றால் பிடிக்காது. இந்தியா முழுவதும் மக்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிச் சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். அமீன் சயானி நடத்திய பினாக்கா கீத்மாலா என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி அந்த வருடம் டிசம்பரில் தொடங்கியது. பம்பாயில் ஒலிப்பதிவு செய்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். வானொலி நிலையம் இருந்த டொரிங்டன் சதுக்கத்திலிருந்து, அதாவது இன்றைய சுதந்திர சதுக்கத்துப் பக்கத்திலிருந்து, அது இந்தியாவுக்கே திரும்பிப் போகும். அப்படிப் போன அலையை வேலூரில் ஒரு சின்னப் பிள்ளை வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டது. திரும்பத் திரும்ப ஒலித்த பாட்டுகளை, வாத்திய இசையோடு சேர்த்து மனப்பாடமாக்கிப் பாடியது. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் பம்பாய்க்குப் போய் ஹிந்திப் படத்தில் பாடியவர்.

அதற்கு முன்னர் அவர் வங்கியில் வேலை பார்த்தார். ஸ்டேட் பாங்கில். கல்யாணமாகி பம்பாய்க்குப் போன பிறகு கணவர் ஜெயராம்தான் ஹிந்துஸ்தானி கற்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் கற்றார். வங்கி வேலையை விட்டார். 1971இல் 'குட்டி' என்ற ஹிந்திப் படத்தில், வசந்த் தேசாயின் இசையில், மியான் கி மல்ஹார் ராகத்தில் ஒரு மழைப்பாட்டு. ஒரே பாட்டில் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டார். தன் பெயரைக் கணவர் பெயரோடு சேர்த்து எழுதத் தொடங்கியவர் ஊருக்கெல்லாம் வாணி ஜெயராம் ஆனார்.

தமிழுக்கு அவர் வந்த நாள் எனக்கு ஒரு கொப்பி வழியாகத்தான் தெரியும்.

அது என் அம்மாவின் கொப்பி. நீளமான சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்து நாலு கோடு கீறியிருப்பார். பாட்டு, படம், இசை, பாடியவர். அடுப்படியில் சோறு கொதிக்கும்போதே வானொலியைக் கேட்டு எழுதுவார். கொப்பியின் ஓரங்களில் மஞ்சள் கறை. 1974இல் 'தீர்க்க சுமங்கலி' படத்தின் மல்லிகைப் பாட்டு வந்தபோது எனக்கு எட்டு வயது. அறிவிப்பாளர் சொன்னது அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. 'வாணி ஜெயராமன்' என்று எழுதி வைத்தார். இரண்டு நாள் கழித்து அதே பாட்டு மறுபடி வந்தது. அறிவிப்பாளர் மறுபடி பெயரைச் சொன்னார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, கடைசி எழுத்தை வெட்டி, மெய்யெழுத்துப் புள்ளியைக் கவனமாக வைத்தார். புதுப் பாடகி, பெயரைப் பிழையாக எழுதக் கூடாது என்றார். இசை என்ற இடத்தில் எம்.எஸ்.விஸ்வநாதன் என்று முன்னமே எழுதியிருந்தார். அந்தப் பெயரெல்லாம் கேட்காமலே கை எழுதும்.

என் அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் ஒரு குரல் யாருடையது என்று அரை வரியில் சொல்லிவிடுவார். அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது இலங்கை வானொலிதான். எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது என்று நீங்களும் மரியாதையோடு சொல்லுகிற பெயர்களெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். படம் எது, இசை யார், பாடல் யார், பாடியவர் யார் என்று சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள்கூட தங்கள் பாடகர்களின் பெயர்களை இலங்கை வானொலியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம் என்று இன்றும் சொல்கிறார்கள். கடைக்கு வருகிற சென்னைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்கும்போது நெஞ்சு நிமிரும்.

1983 ஜூலையில் அந்தக் கொப்பியும் வீட்டோடு போனது. முகாமில் இருந்து, கப்பலேறி யாழ்ப்பாணம் போனோம். அங்கே போய்ச் சில மாதங்களில் அம்மா ஒரு புதுக் கொப்பி வாங்கினார். எரிந்ததை எழுத்தெழுத்தாக நினைவிலிருந்து திரும்ப எழுதினார். படம், இசை, பாடியவர், எல்லாம். எப்படி அம்மா நினைவிருக்கிறது என்று கேட்டேன். "எத்தனை தரம் சொன்னவங்கள்" என்றார். பிறகு மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிபலகையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் கொடுத்து அந்தக் கொப்பியை நிரப்பினோம். தம்பி சுற்றுவான், கை வலித்தால் நான் சுற்றுவேன். சுற்றுவது நின்றால் பாட்டும் நின்றுவிடும். அப்படிச் சுற்றிக் கேட்ட பாட்டுக்குக்கூடப் பாடியவர் பெயர் வந்தது. இன்றைக்குச் சுவரில் செருகினால் இருபத்து நாலு மணி நேரமும் பாட்டு. பெயர் மட்டும் இல்லை.

இது உங்கள் சோம்பலால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. காரணம் வேறு. இசைத்தட்டு இருந்த காலத்தில் அதன் நடுவில் ஒட்டிய வட்டத் தாளிலேயே படமும் இசையமைத்தவரும் பாடியவரும் அச்சாகி இருந்தார்கள். அறிவிப்பாளர் தட்டைக் கையில் எடுக்கும்போதே பெயர் கண்ணில் படும். இப்போது பாட்டு ஒரு கோப்பாகக் கணினியில் இருக்கிறது. அதற்குப் பாட்டின் முதல் இரண்டு சொல்தான் பெயர். எங்கிருந்தோ இறக்கியதென்றால் பாடியவர் பெயர் பிழையாகவே ஒட்டியிருக்கும். ஒருவர் செய்த பிழையைப் பத்துப் பேர் பிரதி எடுக்கிறார்கள். அப்புறம் நேரம். விளம்பரம், வாகன நெரிசல் செய்தி, நேயர் அழைப்பு எல்லாம் முடிய, பாட்டின் முன்னிசையின் மேலேயே பேசிப் பல்லவி தொடங்கும் இடத்தில் விடுகிறீர்கள். விளங்குகிறது. ஆனால் "பாடியவர் வாணி ஜெயராம்" என்று நான் கடிகாரம் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு செக்கன்கூட ஆகவில்லை.

பெயர் சொல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 'பைலட் பிரேம்நாத்' 1978இல் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து எடுத்த படம். சிவாஜியும் நம்முடைய மாலினி பொன்சேகாவும் நடித்தது. அதில் இலங்கையின் இளங்குயில் என்று தொடங்கும் பாட்டு இன்றும் உங்கள் எல்லோருடைய அலைவரிசையிலும் வருகிறது. சிவாஜி பாட்டு என்று சொல்லிப் போடுகிறீர்கள். அதைப் பாடியவர்கள் டி.எம்.சௌந்தரராஜனும் வாணி ஜெயராமும். இலங்கைக் குயில் என்று திரையில் வந்த மாலினிக்குக் குரல் கொடுத்தவர், கொழும்பு வானொலியைக் கேட்டு ஹிந்திப் பாட்டுப் பழகிய வேலூர்ப் பெண். இப்படி ஒரு செய்தியை வேறு எந்த ஊர் வானொலி கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கும்?

'அபூர்வ ராகங்கள்' பாட்டுகளை ஸ்ரீவித்யா பாட்டு என்று சொல்லி விரும்பிக் கேட்கிற நேயர்களையும் கேட்டிருக்கிறேன். நேயர் சொல்லலாம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்கள் "ஆமாம், வாணி ஜெயராம் பாடியது, அவருக்கு முதல் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம்" என்று ஒரு சொல் சேர்த்தால் அந்த நேயர் அடுத்த முறை அவர் பெயரைச் சொல்லிக் கேட்பார். அந்த விருது 1975ஆம் ஆண்டுப் படங்களுக்கானது. பிறகு 'சங்கராபரணம்', அதன் பிறகு 'சுவாதி கிரணம்' என்று மொத்தம் மூன்று தேசிய விருதுகள்.

'சுவாதி கிரணம்' பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் போக முடியாது. தெலுங்குப் படம், கே.விஸ்வநாத் இயக்கியது, இசை கே.வி.மகாதேவன். ஒரு சிறுவனின் சங்கீதத்தைக் கண்டு பொறாமைப்படுகிற பெரிய வித்துவானின் கதை. வித்துவானாக மம்மூட்டி. அந்தச் சிறுவனின் வாயசைப்புக்குப் பாடியவர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய வாணி ஜெயராம். பாட்டை மட்டும் கண்ணை மூடிக் கேளுங்கள். குரலில் ஒரு அசட்டுக் குழந்தைத்தனம் போட்டு நடிக்க மாட்டார். சுருதி மேலே போகப் போக, மூச்சு வாங்காமல், பயம் தெரியாத ஒரு பிள்ளை மரத்தில் ஏறுவது போல ஏறிப் போவார். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஒரு சொல்லும் விளங்காமல் மெசினை நிறுத்திவிட்டு அழுதிருக்கிறேன். அந்தக் கே.விஸ்வநாத் 2023 பெப்ரவரி 2ஆம் திகதி போனார். இரண்டு நாளில் வாணியம்மா. அந்த வாரத்தில் இந்தப் பாட்டு ஒரு தடவையாவது வரும் என்று காத்திருந்தேன். எனக்குக் கேட்கக் கிடைக்கவில்லை.

அவருடைய குரலைப் பற்றி ஒரு வார்த்தை. தையல்காரிக்குத் தெரிந்த மொழியில்தான் சொல்ல வரும். பட்டுத் துணியில் நேர்த் தையல் போடுவது கஷ்டம். கொஞ்சம் கை இழுத்தால் சுருங்கும், விட்டால் நழுவும். வாணியம்மா ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடும் சங்கதிகள் எனக்கு எப்போதும் பட்டில் விழுந்த நேர்த் தையல். வேகமாக ஓடும், ஒவ்வொரு சுரமும் எண்ணக்கூடியதாக இருக்கும். அவரையே 'முள்ளும் மலரும்' படத்தில் இளையராஜா நெல்லுச் சோற்றுப் பாட்டுப் பாட வைத்திருக்கிறார். கேட்டால் நாவில் எச்சில் ஊறும். மீரா பஜனை பாடி ரவிசங்கரின் இசையில் ஹிந்தியில் விருது வாங்கியவரும் இவர்தான், பழைய சோற்றையும் கருவாட்டையும் ருசித்துப் பாடியவரும் இவர்தான் என்று சொன்னால் கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் நம்புவதில்லை.

வாணி ஜெயராமுக்காவது விருதுகள் இருக்கின்றன, அவர் பெயர் எங்காவது நிற்கும். பி.எஸ்.சசிரேகா, ஜென்சி போன்றவர்களை நினைத்துப் பாருங்கள். 'அபூர்வ ராகங்கள்' படத்தின் கடைசிப் பாட்டில் வாணியோடு சேர்ந்து பாடியவர் சசிரேகா என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டு வருடக்கணக்காக ஓடும், பாடியவர் ஒரு தரம்கூட வெளியே வர மாட்டார். ஒரு பெண் தன் மூச்சைக் கொடுத்துச் செய்த வேலை அது. நான் தைத்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு போகிறவர் "யார் தைத்தது" என்று கேட்டால் என் பெயரைச் சொன்னால் போதும் என்றுதான் நானும் எதிர்பார்க்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது செய்யக்கூடியதுதான். பாட்டு தொடங்கும் முன்னரோ முடிந்த பின்னரோ, உங்களுக்கு வசதியான இடத்தில், பாடியவர் பெயரைச் சொல்லுங்கள். காலைப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பழைய பாட்டுகள் போடுகிற நேரத்திலாவது முதலில் தொடங்குங்கள். எங்களைப் போல வேலை செய்துகொண்டே கேட்கிறவர்கள் அப்போதுதான் அதிகம். போன் செயலியில் தேடிப் பார்க்கலாமே என்பீர்கள். இரண்டு மெசின் ஓடுகிற சத்தத்தில் அதற்கு ஒன்றும் கேட்பதில்லை. கையிலும் நூல் சுற்றியிருக்கும்.

பிழையாகச் சொல்லிவிட்டால் அடுத்த பாட்டுக்கு முன்னர் திருத்துங்கள். அதில் உங்களுக்கு மரியாதை குறையாது. எங்கள் அம்மா அந்தப் புள்ளியை வைத்த மாதிரித்தான். சந்தேகம் இருந்தால் நேயர்களிடமே கேளுங்கள். கொட்டாஞ்சேனையிலும் தெமட்டகொடையிலும் பம்பலப்பிட்டியிலும் எங்கள் வயதுக்காரர் ஆயிரம் பேர் இருக்கிறோம். ஓடி வந்து சொல்வோம். உங்களுடைய கணினியில் இருக்கிற பாட்டுகளுக்குப் பாடியவர் பெயரைச் சரிபார்த்து எழுதித் தர வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து இருந்து செய்து தருகிறேன். சம்பளம் வேண்டாம். அம்மாவின் கொப்பியையும் கொண்டுவருகிறேன். அவர் இப்போது இல்லை, கொப்பி இருக்கிறது.

கடையில் என்னோடு ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சி வேலை செய்கிறாள். பத்தொன்பது வயது. நல்ல காது அவளுக்கு. போன மாதம் ஒரு நாள் 'பாலைவனச் சோலை' படத்தின் மேகப் பாட்டு வந்தது. மெசினிலிருந்து காலை எடுத்துவிட்டு, "இது யார் அக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு நாள் கழித்து வேறு ஒரு பாட்டு வந்தபோது "இதுவும் அந்த அம்மாதானே" என்றாள். சரிதான். அன்று மாலையே காலி வீதியில் ஒரு புத்தகக் கடைக்குப் போய் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வந்தாள். நானே அடிமட்டம் வைத்து நாலு கோடு கீறிக் கொடுத்தேன்.

நேற்று அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் இருபத்தாறு பாட்டு எழுதியிருக்கிறாள். கடைசிக் கட்டத்தில் ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. ஒன்பதும் நான் சொன்னவை. நான் அளவெடுக்க, துணி வாங்க என்று வெளியே போயிருந்த நேரத்தில் வந்த பதினேழுக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறாள். "திரும்பப் போடும்போது சொல்லுவாங்கதானே அக்கா" என்கிறாள்.

நாளைக் காலை எட்டரைக்குக் கடை திறப்போம். வானொலி ஓடும்.

அன்புடன்,
உங்கள் வெள்ளவத்தை நேயர் ஒருவர்